கம்பெனி சாமானா, வெளிச் சாமானா? வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் கேள்விகள்

பைக் மெக்கானிக் கடையில் நின்று பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கும்: "சார், கம்பெனி சாமான் போடவா, வெளிச் சாமான் போடவா?" பைக் என்றால் பதில் பெரும்பாலும் பர்ஸைப் பொறுத்தது. சொந்தக் கையால் கட்டும் விமானத்தில் அதே கேள்வி கொஞ்சம் சிக்கலானது. நான் அமெரிக்காவில், டெக்சஸில், வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு ஆர்வி-7 விமானத்தை வார இறுதிகளில் கட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்க வரும் நண்பர்களும், இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகள் என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள்.

கிட் வாங்கினால் முழு விமானமும் பெட்டியில் வந்துவிடாதா?

வராது. ஆர்வி-7ஐயே எடுத்துக்கொள்வோம். ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் தயாரிப்பு. அவர்களுடைய ஆர்வி வரிசை விமானங்கள் 11,000-க்கு மேல் பறந்துவிட்டன. வால், இறக்கை, உடல், கடைசியில் கண்ணாடிக் கூண்டும் சக்கரங்களும் என்று கிட் தவணை தவணையாக வரும். துளை போட்ட அலுமினியத் தகடுகள், ஆயிரக்கணக்கில் ரிவெட்டுகள், ஒரு கட்டு வரைபடம். எஞ்சின், புரொப்பெல்லர், ரேடியோ, கருவிகள், இருக்கை மெத்தை, பெயின்ட் எதுவும் அதில் கிடையாது.

ஆகவே முடிவெடுக்க வேண்டியவை இரண்டு வகை. கிட்டில் இல்லாததை எங்கிருந்தாவது வாங்கித்தான் ஆக வேண்டும். அதில் தப்பிக்க வழியில்லை. கிட்டில் இருப்பதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை வாங்கிப் போடுவது இரண்டாவது வகை. தலைவலி பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

சட்டப்படி மாற்றலாமா?

மாற்றலாம். தொழிற்சாலையில் செய்த ஒரு செஸ்னாவில் சின்ன பாகத்தை மாற்றவும் அங்கீகாரம் பெற்ற சாமான், உரிமம் உள்ள மெக்கானிக்கின் கையெழுத்து என்று அலைய வேண்டியிருக்கும். சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்கான எக்ஸ்பெரிமென்டல் பிரிவில் அந்தக் கட்டு இல்லை. காரணம், சட்டத்தின் கண்ணில் விமானத்தைத் தயாரித்தவர் நீங்கள். விமானத்தில் ஆணியடித்து வைக்கும் பெயர்ப் பலகையில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும், வேன்ஸின் பெயர் இருக்காது. பெருமையாக இருக்கும். பொறுப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இரண்டு வேலிகள் உண்டு. ஒன்று, எல்லோரும் '51 சதவீத விதி' என்று சொல்வது: விமானத்தின் பெரும்பகுதியை, கற்றுக்கொள்ளவும் பொழுதுபோக்காகவும் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். எஞ்சின், புரொப்பெல்லர், சக்கரம், பிரேக், கருவிகள் போன்றவற்றை நீங்கள் வார்த்து உருக்கிச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவற்றைக் கடையில் வாங்குவதால் கணக்குக் குறையாது. ஆனால் ஏற்கெனவே பாதி வேலை முடித்து விற்கும் 'குவிக் பில்ட்' கிட்டை வாங்கி, அதற்கு மேல் வெளியே யாரோ முழுதாகக் கட்டி விற்கும் எரிபொருள் டேங்கையும் பொருத்தினால் கணக்கு இடிக்கலாம். முதலிலேயே எஃப்.ஏ.ஏ. சரிபார்ப்புப் பட்டியலில் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, சில மின்னணுச் சாதனங்கள். தரையிலுள்ள ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பான்டர், விபத்தில் சமிக்ஞை அனுப்பும் கருவி, மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்க உதவும் ஜி.பி.எஸ்., 2020 ஜனவரி முதல் பெரும்பாலான நெரிசலான வான்வெளியில் கட்டாயமான, விமானம் இருக்கும் இடத்தை மற்றவர்களுக்கு ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. ஆகியவை எக்ஸ்பெரிமென்டல் விமானத்திலும் குறிப்பிட்ட தரத்தை எட்டியே ஆக வேண்டும். மற்றவர்களோடு வானத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் அல்லவா, அதனால்.

வெளிச் சாமான் தரத்தில் உசத்தி என்றால் மாற்ற என்ன தயக்கம்?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். கிட் கம்பெனி ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் எடை, அது இருக்கும் இடம், அதைப் பிடித்திருக்கும் தகட்டின் தடிமன், பக்கத்தில் ஓடும் சூடான புகைக்குழாய் எல்லாம் ஒரே கணக்கில் இருக்கின்றன. மாதிரி விமானம் பறந்தது அந்தக் கூட்டத்தோடு. அதிலிருந்து ஒன்றை உருவினால் மற்றவை கொஞ்சம் நகர்ந்து உட்காரும்.

புரொப்பெல்லரை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அலுமினியத்தில் செய்த, கோணம் மாறக்கூடிய ஹார்ட்செல் புரொப்பெல்லர் ஏறத்தாழ 25 கிலோ. அதற்குப் பதிலாகக் கார்பன், மரக் கலவையில் செய்த, கோணம் மாறாத ஒன்றைப் போட்டால் 7 கிலோவுக்குள் முடிந்துவிடும். 18 கிலோ மிச்சம்! விமானம் கட்டுகிறவன் கிராம் கிராமாக எண்ணுகிறவன். 18 கிலோ என்றால் லாட்டரி விழுந்த மாதிரி.

இப்போது அந்த 18 கிலோ எங்கிருந்து போனது என்று பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து. காலி விமானத்தின் ஈர்ப்பு மையத்திலிருந்து சுமார் 1.6 மீட்டர் முன்னால். காலி எடை 500 கிலோ என்று வைத்தால், 18-ஐ 1.6-ஆல் பெருக்கி, மிச்சமிருக்கும் 482-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். ஈர்ப்பு மையம் அவ்வளவு பின்னுக்குப் போகிறது. ஆர்வி-7இல் அந்த மையம் உலாவ அனுமதித்த மொத்த இடமே சுமார் 8 அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர். அதில் கால்வாசிக்கு மேல் ஒரே சாமானில் போயிற்று. பின்னால் பெட்டி வைக்கும் இடத்தில் 100 பவுண்டு வரை வைக்கலாம் என்று கம்பெனி சொன்னது இனி உங்கள் விமானத்துக்குப் பொருந்தாமல் போகலாம். மையம் பின்னுக்குப் போகப் போக விமானம் கையில் துள்ளும். சுழலில் மாட்டினால் மீள்வது கடினம். இந்தப் புரொப்பெல்லரைப் போட்ட சிலர் மூக்கில் ஈய எடை கட்டிப் பறக்கிறார்கள். மிச்சம் பிடித்த எடையைத் திரும்ப விலை கொடுத்து ஏற்றுவது!

அதற்காக அந்தப் புரொப்பெல்லர் மோசம் என்று சொல்ல வரவில்லை. மூக்கு கனத்த விமானத்தில், கனமான பெரிய எஞ்சினோடு, அது மருந்து மாதிரி வேலை செய்யும். உங்கள் விமானத்தில் எப்படி என்பதைத் தராசுதான் சொல்லும்.

எரிபொருள் பாதையில் கை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நடுங்கும் கையோடு. இதற்கு எல்லோரும் நினைவுகூரும் ஒரு விபத்து இருக்கிறது. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய லாங்-ஈசி விமானம் கடலில் விழுந்தது; அவர் இறந்துபோனார். அந்த விமானத்தை அவர் கட்டவில்லை, வேறொருவர் கட்டியதைச் சமீபத்தில்தான் வாங்கியிருந்தார். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈசியின் வரைபடத்தில், எந்த டேங்கிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர் காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வேண்டாம் என்று நினைத்து, வால்வை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. அதை எட்ட வேண்டுமென்றால் உடம்பைத் திருப்ப வேண்டும். திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் பெடலை மிதிக்கும். விசாரணை அறிக்கை ஏறக்குறைய இதைத்தான் சொல்லியது. புறப்படும் முன் அந்தக் கைப்பிடியை இடுக்கியால் எட்டிப் பிடித்துத் திருப்ப முடியுமா என்றுகூட முயன்று பார்த்திருக்கிறார்கள்.

கட்டியவரின் எண்ணத்தில் தப்பில்லை. காக்பிட்டுக்குள் பெட்ரோல் இல்லாமல் இருப்பது நல்லதுதான். ஒரு ஆபத்தை விலக்கப் போய் இன்னொன்றை உள்ளே அழைத்துவிட்டார், அவ்வளவுதான். அதுவும் மாட்டியது கட்டியவர் இல்லை, வாங்கியவர்.

இப்போது நல்ல பக்கம். ஆர்வி கட்டுகிறவர்களில் ஏராளமானோர் கிட்டோடு வரும் பித்தளை வால்வை எடுத்துவிட்டு, இங்கிலாந்தின் ஆண்டேர் கம்பெனி வால்வைப் போடுகிறார்கள். நானும் போட்டேன். இடம் அதே இடம். திருப்பும்போது 'டக்' என்று உட்காருவது விரலுக்குத் தெரிகிறது. ஒரு பொத்தானைத் தூக்கினால்தான் 'ஆஃப்' நிலைக்குப் போகும். இருந்த இடத்தை மாற்றாமல் இருந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது. மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எதை மாற்றினாலும் பறக்கும் முன், எஞ்சினுக்குப் போதிய எரிபொருள் ஓடி வருகிறதா என்று சோதனை செய்யுங்கள். சொந்தமாகக் கட்டிய விமானங்கள் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் விபத்துகளில் எஞ்சின் தொடர்பான கோளாறும் கட்டுப்பாடு இழப்பும்தான் முன்னால் நிற்கின்றன என்று சொல்லி, எரிபொருள் அமைப்பைத் தரையிலேயே சோதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. 180 குதிரைத்திறன் எஞ்சின் புறப்படும்போது மணிக்கு 60 லிட்டருக்கு அருகே குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பில் அதைப்போல் 125 சதவீதம் வர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர். மூக்கை மேலே தூக்கி நிறுத்தி, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, அளவுக் கேனில் பிடித்துக் கடிகாரம் பாருங்கள். ஒரு மாலை வேலை.

போல்ட், ஃபிட்டிங் எல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதே, விமானச் சாமான் என்று ஏன் மூன்று மடங்கு கொடுக்க வேண்டும்?

நானே வாங்கிய அடி இது. ஒரு சனிக்கிழமை, எரிபொருள் குழாய் முனைக்கு ஒரு ஃபிட்டிங் குறைந்தது. பக்கத்துக் கடையில் அதே அளவில் பித்தளையில் ஒன்று கிடைத்தது. மரை வழுக்கிக்கொண்டு ஏறியது, கையால் இறுக்கும்போதே திருப்தியாக இருந்தது. மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை. குழாய் முனையைப் புனல் மாதிரி விரிக்கும் கோணம் விமானச் சாமானில் 37 டிகிரி, கார் சாமானில் 45 டிகிரி. சில அளவுகளில் மரை ஒன்றேதான், அதனால்தான் ஏமாந்தேன். முகம் முகத்தோடு உட்காராமல் ஒரு கோடு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

போல்ட் விஷயத்தில் "கடை போல்ட் வலு குறைவு" என்பார்கள். அது முழு உண்மை இல்லை. ஏ.என். வகை விமான போல்ட்டின் இழுவிசைத் தாங்கும் அளவு சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு; கடையில் கிடைக்கும் 'கிரேடு 8' போல்ட்டுக்கு 1,50,000. எண்ணில் கடை போல்ட்தான் மேல். விமான போல்ட்டில் மரையில்லாத வழவழப்பான உடல் எவ்வளவு நீளம் என்பதைத் தகடுகளின் தடிமனுக்கு ஏற்ப மிக நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கலாம். குறுக்கே வெட்டும் விசை மரையில் விழாமல் உடலில் விழும். விட்டமும் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும். கடை போல்ட்டில் மரை துளைக்குள் வந்து உட்கார்ந்தால், அது அரம் மாதிரி அலுமினியத்தைத் தின்னும். கட்டமைப்பில் எங்கும் வேண்டாம். மெத்தையைப் பிடிக்கும் திருகாணி என்றால் உங்கள் இஷ்டம்.

இன்னொன்று: எரிபொருள் மரையில் டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள். நம் ஊர் பிளம்பர் பழக்கம் கை தானாகவே செய்யும். பிய்ந்த ஒரு துணுக்கு கார்புரேட்டரை அடைத்தால் போதும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லதா, பழைய மேக்னெட்டோவா?

மேக்னெட்டோ என்பது தானே மின்சாரம் உண்டாக்கித் தானே பொறி கொடுக்கும் பெட்டி. விமானத்தின் பேட்டரி, ஆல்டர்னேட்டர் எல்லாம் செத்தாலும் அது எஞ்சினை ஓட்டும். குறை என்னவென்றால், பொறி விழும் நேரம் ஒரே கோணத்தில் நிலைத்திருக்கும். எலக்ட்ரானிக் அமைப்பு எஞ்சினின் நிலைக்கேற்ப நேரத்தை முன்தள்ளும், உயரத்தில், குறைந்த சுமையில் எரிபொருள் மிச்சமாகும், தொடக்கமும் சுலபம், கார் ஸ்பார்க் பிளக் போதும்.

பி-மேக் என்ற வகை, எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றும்போது தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். லைட்ஸ்பீடு போன்றவை விமானத்தின் மின்சாரத்தை நம்பி இருப்பவை. எஞ்சினில் பொறி கொடுக்கும் அமைப்பு இரண்டு உண்டு; இரண்டு பக்கமும் இந்த இரண்டாவது வகையைப் போட்டால் மாற்று பேட்டரி கட்டாயம். என் முடிவு: ஒரு பக்கம் எலக்ட்ரானிக், ஒரு பக்கம் மேக்னெட்டோ. லாபத்தில் பெரும்பகுதி முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது, மின்சாரம் போனால் வீடு வந்து சேர மற்றது இருக்கிறது.

விளம்பரத்தில் வராத விஷயம் அதிர்வு. புரொப்பெல்லர் கம்பெனிகள் ஒவ்வொரு எஞ்சினோடும் அதிர்வுச் சோதனை செய்துதான் "இந்த ஜோடி சரி" என்கின்றன. ஹார்ட்செல்லின் ஒரு பழைய ஜோடிக்கு நிமிடத்துக்கு 2,000 முதல் 2,250 சுற்று வரை தொடர்ந்து ஓட்டாதே என்ற கட்டுப்பாடே உண்டு. அந்தச் சோதனைகள் மேக்னெட்டோவும் சாதாரண பிஸ்டனும் உள்ள எஞ்சினில் செய்தவை. பொறியின் நேரத்தை மாற்றினாலும், அழுத்தம் கூடிய பிஸ்டன் போட்டாலும், சிலிண்டருக்குள் அடி விழும் விதமே மாறும். பழைய சான்று உங்களுக்காகப் பேசாது. ஆகவே இக்னிஷன் வாங்கும் முன் புரொப்பெல்லர் கம்பெனிக்கு ஒரு போன் போடுங்கள். இக்னிஷன் விற்பவரைக் கேட்டால் "ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார்.

லித்தியம் பேட்டரி?

எடை ஆசையில் எல்லோரும் முதலில் தொடுவது இதைத்தான். ஒடிஸி ஈய பேட்டரி 7 கிலோ; எர்த்எக்ஸ் லித்தியம் இரும்பு பாஸ்பேட் இரண்டரை கிலோவுக்குள். ஆர்வி-7இல் பேட்டரி எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் இருக்கும். நான்கரை கிலோ அங்கிருந்து போனால் மையம் 8, 9 மில்லிமீட்டர்தான் நகரும். புரொப்பெல்லரோடு பார்த்தால் தூசி. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றோடொன்று கூடும். நான்கு இருக்கை ஆர்வி-10இல் கதையே தலைகீழ்: பேட்டரி பின்னால், கனமான மூக்கைச் சமன் செய்யும் எடைக்கல்லாகவும் வேலை பார்க்கிறது. அங்கே லேசான பேட்டரி போட்டால் மூக்கு இன்னும் கனக்கும்.

ஆல்டர்னேட்டர் மின்னழுத்தம் எகிறினால் துண்டிக்கும் பாதுகாப்பு இல்லாமல் லித்தியம் வேண்டாம். எஞ்சின் சூட்டிலிருந்து அதற்குக் காற்று போகும் வழியும் வேண்டும்.

பெரிய எஞ்சின், டர்போ போட்டால் வேகமாகப் போகலாமே?

போகலாம், ஆனால் இறக்கையும் வாலும் எந்த வேகத்தில் படபடக்க ஆரம்பிக்கும் என்பது மாறாது. ஃப்ளட்டர் என்று சொல்லும் அந்த நடுக்கம் தொடங்கினால் சில நொடிகளில் வாலைப் பிய்த்துவிடும். ஆர்வி-7இன் எல்லை வேகம் மணிக்கு 230 மைல், அதாவது 200 நாட். இது காற்றில் உண்மையான வேகம். முள் காட்டும் வேகம் இல்லை. 18,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால் முள் 151 நாட் காட்டும்போதே உண்மை வேகம் 200-ஐத் தொட்டிருக்கும். முள்ளைப் பார்த்து "இன்னும் நிறைய இருக்கே" என்று நினைப்பவர் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறார். டர்போ உங்களை அந்த உயரத்துக்குத்தான் கொண்டுபோகும்.

இதே காரணத்தால் வால் மடிப்புகளில் விளக்கு மாட்டுவது, தடித்த பெயின்ட் அடிப்பது, பெரிய டிரிம் மோட்டார் வைப்பது போன்ற சாது வேலைகளும் ஆபத்தானவை. கீலுக்குப் பின்னால் சில கிராம் கூடினாலும் சமநிலை கெடும். பெயின்ட் அடித்த பிறகு மறுபடி சமன் பாருங்கள்.

கார் எஞ்சின்?

விலை பார்த்து இறங்குபவர்களுக்கு ஒரே வரி: எஞ்சினில் மிச்சம் பிடிப்பதை கியர்பாக்ஸிலும் ரேடியேட்டரிலும் வருடங்களிலும் கொடுப்பீர்கள். கார் எஞ்சினே ஒரு பொழுதுபோக்கு என்று நினைப்பவர் தாராளமாகச் செய்யலாம். சான்றிதழ் உள்ள எஞ்சின், புரொப்பெல்லர் ஜோடிக்குப் பொதுவாக 25 மணி நேரச் சோதனைப் பறப்பு. இல்லாததற்கு 40 மணி நேரம். விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு.

கருவிகளும் ஸ்கிரீன்களும் எதை வாங்குவது?

கார்மின், டைனான், கிராண்ட் ராப்பிட்ஸ்: மூன்றும் நல்லவை, மூன்றுக்கும் சண்டை போட ஆளிருக்கிறது. ஒரே யோசனை: கடைசியில் வாங்குங்கள். வால் கிட் வந்த அன்றே ஸ்கிரீன் வாங்கியவர், விமானம் முடியும்போது பழைய மாடலை மாட்டுவார். ஒரே கம்பெனியின் பெட்டிகளாக வாங்கினால் வயரிங்கில் பல இரவுகள் மிச்சம்.

ஆனால் மூடினால் திறக்க முடியாத இடங்களை இப்போதே யோசியுங்கள். இறக்கைக்குள் வயர் போக ஒரு பிளாஸ்டிக் குழாய், ஆட்டோபைலட் மோட்டார் பிடிமானம், காற்று வேகத்தை அளக்க உதவும், சூடேற்றும் பிட்டோ குழாயின் தாங்கி. பெட்டி பிறகு வரட்டும், பாதை இப்போதே இருக்கட்டும்.

பிரேக்கை மேம்படுத்தலாமா?

காக்பிட்டில் பெடலருகே ஓடும் பிளாஸ்டிக் பிரேக் குழாயை எடுத்துவிட்டு, கம்பி பின்னிய டெஃப்லான் ஹோஸ் போடுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய மாற்றம். பிரெஞ்சு நாட்டு பெரிங்கர் போன்ற வலுவான பிரேக் செட் வேறு விஷயம். என்னுடையது வாலில் சக்கரம் உள்ள விமானம். பலமாக மிதித்தால் மூக்கு தரையில் குத்தும். நல்ல பிரேக் போட்டவர் காலுக்கும் புதிதாகப் பழக்கம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் கம்பெனி சாமானையே கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

அதுவும் கூடாது. 2023-இல் வேன்ஸ் கிட்டுகளிலேயே சிக்கல் வந்தது. வெளியே லேசரால் வெட்டி வாங்கிய தகடுகளில், துளை ஓரத்தில் வெட்டு தொடங்கி முடியும் இடத்தில் சிறு வடு இருந்தது. ரிவெட் தலைக்காகத் துளையைக் குழிக்கும்போது அங்கிருந்து விரிசல் விட்டது. சோதனை, மாற்றுப் பாகங்கள், கட்டுகிறவர்களின் கோபம் எல்லாம் சேர்ந்து அந்த வருடம் டிசம்பரில் கம்பெனி நீதிமன்றத்தில் கடன் பாதுகாப்புக் கோரியது. விலையை உயர்த்தி, அடுத்த வருடம் மீண்டு வந்தது.

இதில் நான் கவனித்தது இதுதான்: ஆயிரக்கணக்கானோர் ஒரே பாகத்தைக் கையில் வைத்திருந்ததால் விரிசல் சீக்கிரம் கண்ணில் பட்டது, கம்பெனி பதில் சொல்ல வேண்டி வந்தது. உலகத்தில் நாற்பது பேர் மட்டும் வாங்கிய வெளிச் சாமானில் அதே விரிசல் இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருக்கலாம்.

விற்பவரை எப்படி எடைபோடுவது?

இந்தத் துறையில் பல கடைகள் ஒரே ஆள் நடத்துவது. அற்புதமான கைவேலைக்காரர்கள், வயதானவர்களும் உண்டு. எஞ்சின் மூடிக்கு நான் ஒரு அழகான தாழ்ப்பாள் செட் வாங்கினேன். ஒரு வருடம் கழித்து ஒரு ஸ்பிரிங் உடைந்தது. போன் எடுக்க ஆளில்லை, கடையை மூடிவிட்டார். இருபது காசு ஸ்பிரிங்குக்காக மூடி முழுவதையும் பழைய கீல் முறைக்கு மாற்றினேன். இப்போது தனி ஆளிடம் வாங்கினால் தேய்ந்து போகும் உறுப்புகளில் இரண்டு செட் கூடவே வாங்கிவிடுகிறேன்.

கேட்க வேண்டியவை: என் மாடலிலேயே இது எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது? எடை எவ்வளவு (உங்கள் தராசில் மறுபடி பாருங்கள்)? பொருத்த எதையாவது வெட்ட வேண்டுமா? கடைசிக் கேள்வி முக்கியம். வேண்டாமென்றால் கழற்றிப் பழையதை மாட்ட முடிந்தால், தவறான முடிவும் பணத்தோடு போகும். இறக்கையைத் தாங்கும் உத்தரமான ஸ்பாரில் துளை போட்டபின் திரும்பிப் போக முடியாது. கட்டமைப்பில் எதையாவது தொடுவதானால் கிட் கம்பெனியையே எழுதிக் கேளுங்கள். "பரிந்துரைப்பதில்லை" என்று ஒரு வரி வரும். அது சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் அவர்கள் சொல்லாத கணக்கு இருக்கும்.

எப்போது மாற்றுவது? கட்டும்போதா, பறந்த பிறகா?

முடிந்தவரை வரைபடப்படி கட்டி, பறந்து, பிறகு ஒவ்வொன்றாக. முதல் பறப்பில் ஏதோ சரியில்லை என்றால், ஏழு மாற்றங்களில் எது காரணம் என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி. விமானத்தைக் கட்டி முடித்தவருக்கு வருடாந்தரப் பரிசோதனையைத் தானே செய்யும் ரிப்பேர்மேன் சான்றிதழும் கிடைக்கும். பிறகு மாற்றுவதில் அவ்வளவு சிரமமில்லை.

புரொப்பெல்லர் வகை, எஞ்சின் போன்ற பெரிய மாற்றம் என்றால் பதிவேட்டில் எழுதி, எஃப்.ஏ.ஏ. உள்ளூர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, குறைந்தது 5 மணி நேரம் திரும்பவும் சோதனைப் பறப்பு. காப்பீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெளிச் சாமானால் செலவு குறையுமா?

குறையாது.

நீங்கள் எதையெல்லாம் மாற்றினீர்கள்?

எரிபொருள் வால்வு, பிரேக் ஹோஸ், ஒரு பக்க இக்னிஷன். இருக்கை மெத்தை வெளியில் தைத்தது. வாங்கும் முன் துணியில் ஒரு துண்டை வெட்டி வாசலில் தீ வைத்துப் பார்த்தேன், உருகிச் சொட்டிய இரண்டு ரகத்தை ஒதுக்கினேன். பேட்டரி ஈயம்தான். ஃபிட்டிங்குகள் அனைத்தும் 37 டிகிரி. அந்தப் பழைய பித்தளையை ஒரு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். புரொப்பெல்லர் இன்னும் வாங்கவில்லை. எஞ்சினை ஏற்றி, மூன்று சக்கரத்தையும் தராசில் நிறுத்திப் பார்த்த பிறகுதான்.